கரையில் கழியும் நாட்கள்
நீர்மூழ்கி விளையாட்டின் துறைமுகமும் சாத்தூரின் தீபாவளி விடுப்பும்: ஓர் ஒப்பாய்வு

தீபாவளி முடிந்த மறுவாரம் சாத்தூரில் விடியற்காலைச் சத்தம் ஒன்று காணாமல் போய்விடும். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் ஆபீஸ் பஸ்கள் ஆரன் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் சாலையோரம் நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் பட்டாசு ஆலைக்குப் பயர் ஆபீஸ் என்றும்தான் பேர். பயர் ஆபீஸ் மூடியிருக்கிற அந்த வாரங்களில் பஸ் வராது. தெரு நன்றாக விடிந்த பிறகுதான் எழுந்திருக்கும்.

அப்படி ஒரு வாரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் கணினியில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். ‘சைலண்ட் ஹண்டர் 3’ என்று பேர். 2005இல் வந்த பழைய விளையாட்டு. இன்னும் அதை விடாமல் ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் நீர்மூழ்கியின் கேப்டனாக அவன் அட்லாண்டிக்கில் ஒரு ரோந்தை முடித்துத் துறைமுகம் திரும்பியிருந்தான். திரையில் ஒரு மேசை, சில காகிதங்கள், ஆட்களின் பட்டியல். அதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று கேட்டேன். “துறைமுகத்துல ஒண்ணும் இல்ல மாமா, அடுத்த ரோந்துக்குப் போயிருவோம்” என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினான். ஏறத்தாழ நான்கு வாரம் அந்த ஒரு அழுத்தலில் கடந்துபோனது.

எதிர்வீட்டு வாசலில் பயர் ஆபீஸுக்குப் போகிற அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது விடுப்பு நாள்தான். அவருடைய நான்கு வாரத்தைக் கடத்த எந்தப் பொத்தானும் இல்லை. துறைமுகத்தில் ஒன்றும் இல்லை என்று பையன் சொன்னது உண்மைதானா என்று பார்க்கத் தோன்றியது. இரண்டு கரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போட்டேன்.

ஒப்பிடத் தகுமா?

ஒன்று விளையாட்டு, இன்னொன்று பிழைப்பு; இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நீர்மூழ்கிக்கும் வெடி அறைக்கும் உள்ள உறவு மேலோட்டமானது அல்ல. இரண்டிலும் மனிதர்கள் வெடிமருந்தோடு அடைபட்ட இடத்தில் வேலை செய்கிறார்கள். அந்தப் போரில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ‘செவன் சி’ ரக நீர்மூழ்கியில் 14 டார்பிடோக்களும் ஏறத்தாழ 50 ஆட்களும் இருந்தார்கள். மின்கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு கசியும். ஒரு பொறி போதும். நம் பக்கத்துப் பட்டாசு அறையிலும் பொறிதான் எமன். அதனால்தான் அங்கே பருத்தி உடை, ரப்பர் விரிப்பு, இரும்பு படாத கருவிகள், அறைக்கு அறை இடைவெளி, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதி எல்லாம் வந்தன. ஒருவர் கவனம் தப்பினால் கூட இருக்கிற எல்லோருக்கும் ஆபத்து என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

காலக்கணக்கும் ஒத்துப்போகிறது. நீர்மூழ்கிக்குப் புறப்பாடு, திரும்பல், கரை, மறுபடி புறப்பாடு. பயர் ஆபீஸுக்குப் பூஜை போட்டுத் தொடங்கும் உற்பத்தி, தீபாவளியை நோக்கிய ஓட்டம், தீபாவளி, பிறகு மூடல். இந்தியாவின் பட்டாசில் 90 சதவீதம் அளவுக்கு விருதுநகர் மாவட்டத்திலிருந்து போகிறது என்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், லட்சக்கணக்கான குடும்பங்கள். இவ்வளவு பெரிய தொழிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு பெருநாள்தான் இலக்கு. அந்த நாள் முடிந்ததும் மொத்தக் கப்பற்படையும் ஒரே நேரத்தில் துறைமுகத்துக்குள் வந்துவிடுகிறது.

நாள் எப்படிப் போகிறது

சைலண்ட் ஹண்டர் 3இல் கரை என்பது ஒரு பக்கம் மட்டுமே. புகழ்ப் புள்ளிகளைக் கொடுத்து நல்ல டார்பிடோ வாங்கலாம், விமான எதிர்ப்புத் துப்பாக்கியை மாற்றலாம், ஆட்களுக்குப் பதக்கம் கொடுக்கலாம், பதவி உயர்த்தலாம். இதெல்லாம் முடிந்தால் புறப்பட வேண்டியதுதான். நாட்காட்டி தானாக நகர்ந்திருக்கும். போலந்து நாட்டுக் குழுவொன்று செய்து 2019இல் முதலில் வெளியிட்ட ‘யூபோட்’ என்ற பிந்தைய விளையாட்டு இதை மாற்றப் பார்த்தது. அதில் துறைமுகம் கண்ணுக்குத் தெரியும் இடம். சரக்கு ஏற்ற வேண்டும், பழுது பார்க்க நேரம் பிடிக்கும், ஆட்களின் மனமும் ஒழுங்கும் தனிக் கணக்காக ஓடும். பதினான்கு ஆண்டுகளில் விளையாட்டு செய்கிறவர்களே கரையின் அருமையை உணர்ந்து அதற்கு இடம் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஆடுகிறவர்களில் பலர் அதையும் விரைவாக ஓட்டிவிட்டுக் கடலுக்குப் போகத்தான் துடிக்கிறார்கள். ஆபத்து கடலில் இருக்கிறது, ஆகவே கதையும் கடலில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது.

நிஜப் போரில் கரைநாளுக்கு இருந்த மதிப்பே வேறு. அமெரிக்கக் கடற்படை ஹொனலூலுவில் ராயல் ஹவாயன் என்ற பெரிய ஓட்டலையே குத்தகைக்கு எடுத்தது. ரோந்து முடித்து வரும் நீர்மூழ்கி ஆட்களை ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே தங்கவைத்தார்கள். அந்த நாட்களில் கப்பலை அவர்கள் தொட வேண்டியதில்லை. பழுது பார்க்கவென்றே மாற்று ஆட்கள் தனிக்குழுவாக இருந்தார்கள். களைத்த கையால் பழுது பார்க்கக் கூடாது, பழுது பார்க்கிற வேலையில் களைப்பு ஏறவும் கூடாது என்ற கணக்கு அது. ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக் கரையின் லோரியான், பிரெஸ்ட் துறைமுகங்களில் நீர்மூழ்கி திரும்பியதும் ஆட்களைப் பாதிப் பாதியாக ஊருக்கு விடுப்பில் அனுப்பினார்கள்.

சாத்தூரில் கரைநாள் எப்படிப் போகிறது? முதல் வாரம் தூக்கமும் உறவினர் வீடும். இரண்டாம் வாரம் போனஸ் கரையத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அந்தச் சமயத்தில்தான் வரும். மழை குறைந்த மண் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காலூன்றின. ஆண்டில் கிடைக்கிற கொஞ்ச மழையில் பெரும்பகுதி இந்த மாதங்களில் வந்துவிடும். களத்தில் எதையும் காயப்போட முடியாது. மூன்றாம் வாரம் குழுக் கடன் தவணை வாசலில் நிற்கும். சிலர் காட்டு வேலைக்குப் போவார்கள், சிலர் தீப்பெட்டி ஆபீஸில் தற்காலிகமாக உட்காருவார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஆபீஸ் திறந்தால்தான் கூலி.

எதிர்வீட்டு அக்கா தன் கையை நீட்டிக் காட்டினார். அலுமினியப் பொடி புழங்குகிற கைக்கு ஒரு நிறம் உண்டு. ரேகைகளிலும் நகக்கண்ணிலும் வெள்ளி படிந்தாற்போல் ஒரு சாம்பல் பளபளப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் வேலை நாட்களில் அது முழுதாகப் போகாது. விடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக நகம் வளர வளர வெளுத்துவிடும். “நகத்துல வெள்ளி போயிருச்சுன்னா கையில இருந்த காசும் போயிருச்சுன்னு அர்த்தம் தம்பி” என்றார். விடுப்பின் நீளத்தை அவர் அளக்கிற அளவுகோல் அவர் விரல்நுனியிலேயே இருக்கிறது. மருமகனின் திரையில் இருக்கிற நாட்காட்டியைவிட அது துல்லியமானது.

பழுதும் மிச்சமும்

விளையாட்டில் கப்பல் எவ்வளவு அடிபட்டு வந்தாலும் கரையில் அது முழுதாகிவிடும். ஓட்டை அடைபட்டு, இயந்திரம் சீராகி, அடுத்த ரோந்துக்குப் புதுசுபோல நிற்கும். ஆடுகிறவருக்கு அதில் சந்தேகமே வராது. விளையாட்டின் பெரிய பொய் இதுதான் என்று நினைக்கிறேன். நிஜத்தில் கரையில் விட்ட குறை கடலில்தான் தெரியவரும்.

1940இல் நார்வேயைச் சுற்றிய கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மிக நெருங்கிய தூரத்திலிருந்து டார்பிடோ விட்டும் பல வெடிக்கவில்லை. சில சொன்ன ஆழத்தைவிடக் கீழே ஓடின. கேப்டன்கள் தங்கள் குறி தப்பியதோ என்று தங்களையே நொந்துகொண்டார்கள். பிறகு ஆராய்ந்தபோது கோளாறு ஆயுதத்தில் இருந்தது. சரியாகச் சோதித்துப் பார்க்காமலே அதைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். பிழை கரையில், பழி கடலில்.

நம் நாட்டுக் கடற்படையின் இரண்டு சம்பவங்கள் இதை இன்னும் கிட்டத்தில் காட்டும். 2013 ஆகஸ்ட் 14 அதிகாலையில் மும்பைக் கடற்படைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருந்த ஐஎன்எஸ் சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 18 பேரும் மாண்டார்கள். ரஷ்யாவில் பெரிய பழுதுபார்ப்பு முடிந்து வந்திருந்த கப்பல் அது. எதிரியும் இல்லை, ஆழ்கடலும் இல்லை. கரையில் கயிற்றால் கட்டியிருந்த நிலையில் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று, பழுது பார்த்த பின் சோதனை ஓட்டத்தில் இருந்த ஐஎன்எஸ் சிந்துரத்னாவில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு நீர்மூழ்கியின் கரைநாட்களுக்குப் படையின் தலைவரே பதில் சொல்ல வேண்டும் என்று அவர் கருதியதை மறக்கக் கூடாது.

இப்போது நம் அறைக்குள் வருவோம். பட்டாசுத் தொழிலில் மிச்சம் என்பது பயங்கரமான சொல். அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் முறைப்படி அழித்துவிட வேண்டும். இரவு தங்கக் கூடாது. காரணம் எளிமையானது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வினை தொடங்கிச் சூடு ஏறும். வெளியே பார்த்தால் தெரியாது. காலையில் வந்து கதவைத் திறந்து கை வைக்கிறவர் முதல் நாள் மிச்சத்தின் மேல் கை வைக்கிறார். ஒரே ஓர் இரவு விட்ட மிச்சத்துக்கே இந்தக் கதி என்றால், வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் ஆபீஸில் மூலையில் தங்கிய பொடி, தரையின் வெடிப்பில் இறங்கிய தூசி, ஈரம் பட்ட மூட்டை, மழையில் கழன்ற இடிதாங்கிக் கம்பி என்று எத்தனை இருக்கும்? திறக்கும் நாளுக்கு முன்னால் ஒவ்வோர் அறையையும் பார்த்துக் கழுவித் துடைப்பதுதான் நம்முடைய பழுதுபார்ப்பு. அதை ஒழுங்காகச் செய்கிற ஆபீஸ்கள் உண்டு. அங்கே போர்மேன் முதலாளிக்கு முந்தியே வந்து நிற்பார். விடுப்பு என்றால் பூட்டு மட்டும்தான் என்று நினைக்கிற இடங்களும் உண்டு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்து இந்தப் பகுதி கண்ட பெரிய துயரங்களில் ஒன்று. 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் நிறுத்தப்பட்டிருந்தும் வேலை நடந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. கரையில் நில் என்று சொன்ன கப்பல் கடலில் இருந்திருக்கிறது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு இரண்டு மாதங்கள்தான் மிச்சம் இருந்தன.

ஆட்கள்

மருமகனின் ஆட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அவனுக்குத் தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் தெரியும். யார் டார்பிடோ அறைக்கு ஏற்றவர், யார் இயந்திர அறையில் பழகியவர், யாருக்குக் களைப்பு ஏறியிருக்கிறது என்று அட்டவணையைப் பார்க்காமலே சொல்லுவான். பழகிய ஆள் ஒருவர் செத்துப்போனால் அவன் முகம் வாடும். புது ஆளை எடுத்தால் உடனே கடினமான இடத்தில் போடமாட்டான். “புதுசு மாமா, ரெண்டு ரோந்து போகட்டும்” என்பான்.

இந்த ஒரு பாடத்தை விளையாட்டு நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறது. கரையின் முக்கிய வேலை ஆட்களைச் சேர்ப்பதும் பழக்குவதும் இடம் பார்த்து நிறுத்துவதும் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. போரிலும் அப்படித்தான். பழகிய ஆட்களைப் பிரித்துப் புதுக் கப்பல்களுக்கு அனுப்ப அனுப்ப, ஜெர்மன் நீர்மூழ்கிகளில் அனுபவம் நீர்த்துப்போனது. கடலுக்குப் போன சுமார் 40,000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் திரும்பவில்லை. எதிரியின் ரேடாரும் விமானமும் முதற்காரணம். பழக நாள் கிடைக்காத இளைஞர்களை அனுப்பியதும் அந்தக் கணக்கில் சேரும்.

பயர் ஆபீஸிலும் எல்லா வேலையும் ஒரே வேலை அல்ல. மருந்து கலக்குவது ஒரு கை. மருந்து செலுத்துவது ஒரு கை. திரி வைப்பது, மணிமருந்து உருட்டுவது, காயப்போடுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் வேறு வேறு. உராய்வு எங்கே ஆகாது, எந்த வேகத்துக்கு மேல் கை போகக் கூடாது என்பது உடம்பில் ஏற வேண்டிய அறிவு. அது ஒரு நாளில் வராது. விடுப்பு முடிந்து திறக்கும்போது பழைய ஆட்களில் சிலர் வேறு ஆபீஸுக்குப் போயிருப்பார்கள், சிலர் திருப்பூருக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள். அந்த இடத்தில் புதுக் கை வரும். புதுக் கைக்குப் பயிற்சி தர அரசின் ஏற்பாடுகள் இருக்கின்றன; போர்மேன்களுக்குத் தேர்வும் சான்றும் உண்டு. ஆனால் பயிற்சிக்கு உட்காருகிற நாளில் பீஸ் ரேட் ஓடாது. கூலி இல்லாத பயிற்சிக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது.

கேப்டன் என்ற ஒருவர் இருக்கிறாரா என்பதும் பெரிய கேள்வி. நீர்மூழ்கிக்கு ஒரே கேப்டன். ஒரு திருகு கழன்றிருந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரே ஆலையின் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது அதன் பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. ஒரு கப்பலை அறை அறையாகப் பிரித்துப் பல கேப்டன்களுக்குக் கொடுத்தால் கரையில் யார் பழுது பார்ப்பார், யார் ஆளை எண்ணுவார், யார் கணக்குச் சொல்வார்?

புள்ளியும் முன்பணமும்

விளையாட்டில் மூழ்கடித்த கப்பல்களின் அளவுக்கு ஏற்பப் புகழ்ப் புள்ளி கிடைக்கும். அதை வைத்துக் கரையில் நல்ல கருவி வாங்கலாம். நன்றாக உழைத்தவன் பத்திரமாகப் போகலாம் என்ற நியாயம் அதில் இருக்கிறது. உழைப்பின் பலன் அடுத்த புறப்பாட்டின் பாதுகாப்பாக மாறுகிறது.

நம் ஊரில் இந்தக் கணக்கு தலைகீழ். கரைநாளில் கைக்கு வருவது முன்பணம். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமோ, வீட்டு ஓடு மாற்றமோ, மருத்துவச் செலவோ வந்துவிட்டால் அடுத்த பருவத்தின் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி ஆபீஸிலோ ஏஜெண்டிடமோ வாங்குவார்கள். வாங்கிய பணம் கரைந்துவிடும். கடமை மட்டும் நிற்கும். முன்பணம் வாங்கியவர் அறையில் ஐந்தாவது ஆளாக உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று எழுந்து வர முடியாது. மிச்ச மருந்தைக் காலையில் எடுக்கச் சொன்னால் மறுக்க முடியாது. விதி நான்கு பேர் என்கிறது. கடன் ஐந்தாவது ஆளை உட்காரவைக்கிறது. விளையாட்டில் புள்ளி கேப்டனுக்குத் தன் பாதுகாப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுக்கிறது. இங்கே முன்பணம் அந்த உரிமையை வாங்கிக்கொள்கிறது. இரண்டு கரைகளுக்கும் நடுவில் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் என்று நான் கருதுவது இதைத்தான்.

முன்பணமும் கிடைக்காத கை வேறு பக்கம் போகும் ஆபத்தும் உண்டு. வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் கருந்திரி திரிப்பதையும் பட்டாசு செய்வதையும் காவல்துறை அடிக்கடி பிடிக்கிறது. ஆலைக்கு இருக்கிற இடைவெளியோ ரப்பர் விரிப்போ வீட்டுக்கு இல்லை. அடுப்பு பக்கத்தில் இருக்கிறது, குழந்தை பக்கத்தில் தூங்குகிறது.

போரிலும் வெறுங்கரை எப்படி முடியும் என்பதற்கு நம்மவர்கள் நிறைந்த பினாங்குத் துறைமுகம் சாட்சி. 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அங்கே ஜப்பானியர் தளத்தில் ஒதுங்கின. மாற்று டார்பிடோ தட்டுப்பாடு, தேர்ந்த பழுதுபார்ப்பாளர் தட்டுப்பாடு. எதிர்க்கரையில் திருகோணமலையில் பிரிட்டன் நீர்மூழ்கிகளுக்குத் துணைக்கப்பலும் பட்டறையும் சரக்கும் இருந்தன. அங்கிருந்து போன டாலி-ஹோ என்ற நீர்மூழ்கி 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு வெளியே ஜப்பானின் குமா என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. ஒரே இந்தியப் பெருங்கடல், இரண்டு கரை. கரையில் எது இருந்தது, எது இல்லை என்பதும் அந்தக் கடலில் யார் கை ஓங்கும் என்பதை முடிவுசெய்தது.

அடுத்த புறப்பாடு யார் கையில்

விளையாட்டில் புறப்படும் நாள் மேலிடத்து உத்தரவு. எந்தக் கடற்பகுதிக்குப் போக வேண்டும் என்று ஓர் எண் வரும், போக வேண்டும். நிஜ நீர்மூழ்கி கடலுக்குள் போன பின்னும் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சொல் புறப்படுகிற இடம் நமக்குத் தொலைவில் இல்லை. சாத்தூரிலிருந்து நான்குவழிச் சாலையில் தெற்கே நெல்லை தாண்டி, நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990 முதல் இருக்கிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசையில், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது. ஆழத்தில் இருக்கிறவருக்குக் கரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய இடம்.

பயர் ஆபீஸ் திறக்கும் நாளை முடிவுசெய்வது வட மாநில ஏஜெண்டுகளின் ஆர்டர், வானம், நீதிமன்றம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடுத்துப் பசுமைப் பட்டாசு மட்டுமே ஆகும் என்று சொன்னபோது, அந்தத் தீபாவளிக்குப் பின் மூடிய ஆலைகள் பல மாதங்கள் திறக்கவில்லை. காற்று கெடக் கூடாது என்ற தீர்ப்பின் நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த மாதங்களில் இந்தக் கரையில் நின்றவர்களுக்கு, எப்போது திறக்கும், என்ன செய்ய வேண்டும், அதுவரை எப்படி வாழ்வது என்று ஒரு சொல்லும் தெளிவாக வரவில்லை. ஆழத்தில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி அனுப்ப ஒரு நிலையமே கட்டத் தெரிந்த நாட்டில், சாத்தூரின் தெருவுக்கு ஒரு தேதியைச் சொல்ல வழி இல்லாமல் போனது வருத்தம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிந்தது இது. கரைநாளை ஓய்வு என்று மட்டும் எண்ணுகிற பழக்கமே தவறு. அது வேலைநாள். கப்பலைச் சரிசெய்யும் வேலை, ஆளைச் சரிசெய்யும் வேலை, வேண்டாம் என்று சொல்லும் தெம்பைச் சேர்க்கும் வேலை. வேலை என்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கூலி உண்டு. தீபாவளிக்குப் பின் மூடும் வாரங்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுக்க ஒரு நிதி, அதில் முதலாளியும் அரசும் பங்கு போடுவது. திறப்பதற்கு முந்தைய வாரத்தை முழுக்கூலியோடு பயிற்சிக்கும் அறைச் சோதனைக்கும் ஒதுக்குவது. அந்தச் சோதனையில் வேலை செய்கிறவர்களும் கூட நின்று, இந்த அறை ஆகும், இந்த அறை ஆகாது என்று கையெழுத்துப் போடுவது. மூன்றும் நடக்கக்கூடியவை. கோடிக்கணக்கில் விற்கிற தொழிலுக்கு இந்தச் செலவு பாரமில்லை.

இதைச் சொல்லும்போது மருமகன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் துறைமுகத் திரையைக் கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தான். ஆட்கள் பட்டியலில் ஒவ்வொரு பேராகத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் புறப்பட்டான்.

எதிர்வீட்டு அக்காவின் ஆபீஸ் கார்த்திகையில் பூஜை போட்டுத் திறந்தது. விடியற்காலையில் பஸ் ஆரன் கேட்டு நான் வெளியே வந்தபோது, தூக்குச்சட்டியோடு அவர் ஏறிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்த விரல்களில் நகம் சுத்தமாக, வெளுப்பாக இருந்தது. பொங்கல் வருவதற்குள் அதில் மறுபடி வெள்ளி ஏறிவிடும். ஏறட்டும், அது அவர் சம்பாத்தியத்தின் நிறம். அந்தக் கை எந்த அறைக்குள் போகிறது, அந்த அறையை யார் பார்த்து வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கான விடை அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே, மூடிக்கிடந்த அந்த நான்கு வாரத்தில் எழுதப்பட்டிருக்கும்.